முடிவை முதலில் எனக்குச் சொல்லுங்கள்

பண்ணைக்காடு,
18.3.2008

அன்பு மகள் ஜோதிமணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி வர்ஷினியும் மஸ்கட் வெயிலுக்கு வாடாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று பழனியாண்டவரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே உன் அம்மா சுகம், தம்பி ராஜ்மோகன் சுகம், ஜீப்புக்குக் கிளச் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. என் சுகம் எப்படி என்பதை ஒரு வரியில் எழுதி மூட முடியாது, அதற்குத்தான் இந்தக் கடிதம் முழுவதும். நீ ஏற்பாடு செய்த நுரையீரல் ஸ்கேன் என்ன ஆயிற்று என்று கேட்டு ராஜ்மோகன் காதைத் தின்கிறாயாம். அவன் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவன் நான், அவன்மேல் பாயாதே. போனில் பேசினால் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள், அந்தப் பக்கம் நீ மூக்கை உறிஞ்சுவாய், உடனே நானும் ஒண்ணுமில்ல தாயி என்று சொல்லி வைத்துவிடுவேன். இந்த முறை அந்தச் சோலியே வேண்டாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். தலை போகிற அவசரம் என்றால் தபாலில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், அந்த மட்டும் தைரியமாக இரு. கதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற பழக்கம் உனக்கு உண்டு. இதை அப்படிப் படிக்காதே, நான் எழுதிய வரிசையிலேயே வா.

வீட்டுச் செய்தி முதலில். மிளகு பறிப்பு நடக்கிறது, களத்தில் காய்கிறது, இந்த வருஷம் கொடி நன்றாகவே பிடித்திருக்கிறது. வாழைக்குள் காட்டுமாடு இறங்கி ஒரு வரிசையைச் சாய்த்துவிட்டுப் போய்விட்டது, உன் அம்மா தகரத்தைத் தட்டிக்கொண்டு போய் நிற்கிறாள், அது நின்று இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மேய்கிறதாம். ராஜ்மோகனின் செல்போன் கடை பரவாயில்லை. பெண் பார்க்கலாமா என்று கேட்டால் மட்டும் அவனுக்குக் காது கேட்பதில்லை. நீ வரும்போது நீயே கேள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஐப்பசி மழையில் சேனாதிபதி செத்துப்போனது உனக்குத் தெரியும். ஜீப் ஸ்டாண்டில் அவன் வண்டிக்கு அடுத்து என் வண்டி, அவன் பற்ற வைத்த பீடியில்தான் என் பீடியைப் பற்ற வைப்பேன், அப்படி எத்தனையோ வருஷம். நுரையீரலில் புற்றுநோய் என்று மதுரையில் கண்டுபிடித்தபோது ஒன்றும் செய்ய முடியாத நிலைமை. ஆனால் அவனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சளி கட்டியிருக்கிறது, மாத்திரை சாப்பிட்டால் கரைந்துவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் போன அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே மயிலு, எல்லாரும் எனக்குப் பின்னால குசுகுசுன்னு பேசுறாங்கடா, நான் வந்தா வாய மூடிக்கிறாங்க, எனக்கு என்னடா வந்திருக்கு?" என்று கேட்டான். நான் வாயெடுப்பதற்குள் அவன் மகன் வந்து, ஒண்ணுமில்லப்பா, தூங்குங்க என்று போர்வையை இழுத்துவிட்டான். போவதற்கு முந்தின வாரம்கூட வண்டிக்குப் புது டயர் போடணும் என்று என்னிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தான். ஊருக்கே தெரிந்த சேதி அவனுக்குத் தெரியாமலே போய்ச் சேர்ந்தான். 

அந்தச் சேதி கேட்டதும் உனக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. அதே பீடி, அதே ரோடு, அதே வயசு. நோய் வெளியே தெரிவதற்கு முன்பே நுரையீரலைப் படம் எடுத்துப் பார்க்கிற ஸ்கேன் ஒன்று இருக்கிறது என்று நீ நர்ஸ் வேலை பார்க்கிற மஸ்கட் ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டதை வைத்து, அப்பாவுக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாய். உன் பயத்தை நான் குறை சொல்லவில்லை, பெற்ற அப்பனுக்காகப் பயப்படுகிற மகள் கிடைப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் அப்பாவிடம் சொன்னால் கத்துவார், ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நீயும் உன் தம்பியும் உன் அம்மாவும் மூன்று பேராகப் பேசி முடித்து, நீ வேலை பார்த்த கொடைக்கானல் ஆஸ்பத்திரி டாக்டர் சத்தியபிரியாவிடமும் சொல்லி வைத்து, என்னை ஆட்டுக்குட்டி மாதிரி ஓட்டிக்கொண்டு போகப் பார்த்தீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் ராஜ்மோகன், "அப்பா, லைசென்ஸ் புதுப்பிக்கணும்ல, டாக்டர் சர்டிபிகேட்டுக்கு இப்பல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணுமாம், புது ரூல்" என்றான். நானும் நம்பினேன். சவாரி வண்டி ஓட்டுகிறவன் லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் டாக்டர் கையெழுத்து வாங்குவது வழக்கம்தானே. அந்தக் கையெழுத்துக்கு டாக்டர் முன்னால் போய் நிற்கிற டிரைவர் எவனாவது உண்மை பேசுவானா? கண் கண்ணாடி மாதிரி தெரியுது, காது கேக்குது, ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது, இதுதான் எங்கள் பாட்டு. ஸ்டாண்டில் உள்ள அத்தனை பேருக்கும் இது மனப்பாடம். சலவை செய்த காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, பீடிக்கட்டை உன் அம்மாவின் கூடைக்குள் ஒளித்துவிட்டு, அவளையும் ராஜ்மோகனையும் ஏற்றிக்கொண்டு வெள்ளனே கொடைக்கானலுக்குக் கிளம்பிவிட்டேன்.

உள்ளே என்னை மட்டும் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா சின்ன வயசு, முகத்தில் நல்ல சிரிப்பு. "வாங்கப்பா, ஜோதி எப்படி இருக்கா?" என்றார். உன்னைத் தெரிந்தவர், கையெழுத்து சுலபமாகக் கிடைத்துவிடும் என்று எனக்குச் சந்தோஷம். பீடி உண்டா என்று கேட்டார். அந்த நாத்தமே எனக்கு ஆகாதும்மா என்றேன். விரல் ஏன் இப்படி மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டார். வீட்டில மஞ்சள் வேக வச்சோம்மா என்றேன். நம் வீட்டில் மஞ்சள் ஏது, பயிர் வைத்தால்தானே! டி.பி. மாதிரி ஏதாவது முன்னால் வந்திருக்கிறதா என்றதற்கு, எங்க வம்சத்துலயே கெடையாது என்று ஒரே போடாகப் போட்டேன். நீ பிறப்பதற்கு முன் வருஷக்கணக்கில் ஊசியும் மாத்திரையுமாக டி.பி.க்கு வைத்தியம் பார்த்தவன் நான். குழாயை நெஞ்சில் வைத்து மூச்சை இழுக்கச் சொன்னபோது இருமல் முட்டிக்கொண்டு வந்தது, விழுங்கினேன், கண்ணில் தண்ணீர் தளும்பியது, மலைக்காத்தும்மா என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "அப்ப நல்லதாப் போச்சுப்பா. பீடி சிகரெட் தொடாதவங்களுக்கு இந்த ஸ்கேனால நல்லதைவிடத் தொந்தரவுதான் ஜாஸ்தி. நீங்க மதுரைக்குப் போக வேணாம்னு ஜோதிகிட்ட நானே சொல்லிடறேன்" என்றார். மதுரைக்கு எதுக்கும்மா, லைசென்ஸ் ஆபீசு திண்டுக்கல்லுலல்ல இருக்கு என்று கேட்டேன். அவரும் முழித்தார், நானும் முழித்தேன். பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது.

எனக்கு வந்த கோபத்தை என்னென்று எழுத. வராந்தாவுக்கு வந்து நாலு பேர் பார்க்கக் கத்தினேன், "எனக்கு என்னங்கிறது எனக்குத் தெரியக் கூடாதா? சேனாதிபதிக்குப் போட்ட நாடகத்த எனக்கும் போடுறீங்களா?" என்று. ராஜ்மோகன் மெதுவாப்பா, மெதுவாப்பா என்கிறான், அவன் முகத்தில் ஈயாடவில்லை. உன் அம்மா கூடையிலிருந்து என் பீடிக்கட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய் ஜீப்பில் உட்கார்ந்து பற்ற வைத்தேன். அவள் பின்னாலேயே வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். நான் உள்ளே பேசியதெல்லாம் கதவிடுக்கு வழியாக அவள் காதில் விழுந்திருக்கிறது. அப்புறம் சொன்னாள்: "நாங்க மறைச்சது தப்புதாங்க. காலுல வேணாலும் விழுறேன். ஆனா உள்ள போய் நீங்க என்ன சொல்லிட்டு வந்தீங்க? பீடியே குடிச்சதில்லயா? டி.பி.யே வந்ததில்லயா? நாங்க உங்ககிட்ட மறைப்போம், நீங்க அந்தப் பொண்ணுகிட்டப் பொய் சொல்லுவீங்க, அது யாரப் பாத்து எந்த உடம்புக்கு வைத்தியம் சொல்லும்?" என்று. சம்சாரம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை, நீ சிரிக்காதே. பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, திரும்பப் போய் மறுபடி டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்தேன்.

உள்ளே போனதும், நான் சொன்னதுல ஜோதிக்கு அப்பங்கிறது ஒண்ணுதாம்மா நெசம், மத்ததெல்லாம் பொய் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சுதான் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்பா, கேக்காம விட்டது என் தப்பு, மன்னிச்சிடுங்க" என்றார். டாக்டர் ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று நான் நினைத்ததில்லை, பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது. கிளீனராக இருந்த காலத்தில் ஆரம்பித்த பீடி, ஒரு நாளைக்கு ஒன்றரைக் கட்டு, மூடுபனியாக இருந்தால் இரண்டு, பழைய டி.பி., எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தம் துப்புகிறீர்களா, உடம்பு மெலிந்ததா, இருமல் முன்னைவிட மாறியிருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றேன், இது சத்தியமான இல்லை. அப்படி ஏதாவது இருந்தால் யோசித்துக்கொண்டே இருக்கக் கூடாது, உடனே பார்க்க வேண்டும், இது அப்படியில்லை, நல்லா இருக்கும்போதே தேடிப் பார்க்கிற சோதனை, அதனால் நிதானமாகப் பேசி முடிவு செய்யலாம் என்றார். உன் அம்மாவையும் உள்ளே கூப்பிடலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டுக் கூப்பிட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன், நீ நர்ஸ், தப்பிருந்தால் திருத்திக்கொள். நூறு பேரை இப்படிப் படம் எடுத்தால் இருபது முப்பது பேருக்கு ஏதாவது ஒரு புள்ளி தெரியுமாம், அதில் புற்றுநோய் இருப்பது ஒன்றிரண்டு பேருக்குத்தானாம். மற்றவர்களுக்குப் பழைய சளி, பழைய தழும்பு. டி.பி. வந்தவன் என்பதால் எனக்குப் புள்ளி தெரிவதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். தெரிந்துவிட்டால் சும்மா விட முடியாது, மறுபடி படம், சில பேருக்கு விலாவுக்குள் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்ப்பது, அதில் நுரையீரல் சுருங்கிப் போகிற ஆபத்தும் உண்டு, ஒன்றுமில்லாததற்கு ஆபரேஷன் வரைக்கும் போனவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், நோய் இருந்து, மிளகளவில் இருக்கும்போதே அகப்பட்டுவிட்டால் அறுத்து எடுத்துவிடலாம், சேனாதிபதிக்குக் கிடைக்காதது அது. அப்ப இது உசிரக் காப்பாத்துமா என்று நேராகக் கேட்டேன். "நிச்சயமான்னு கேட்டா எனக்குத் தெரியாதுப்பா. அமெரிக்காவுல ஆயிரக்கணக்கான பேரை வெச்சுப் பாத்துக்கிட்டிருக்காங்க, ரிசல்ட் இன்னும் வரல. சில டாக்டர்ங்க எடுக்கணும்பாங்க, சில பேர் வேணாம்பாங்க" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

நான் விடவில்லை. நல்லா ஓடுற வண்டியில சத்தம் கேக்குதான்னு யாராச்சும் என்ஜினப் பிரிப்பாங்களா என்று கேட்டேன். "பிரேக்கை எப்ப பார்ப்பீங்க, பிடிக்காம போன பெறகா?" என்று திருப்பிக் கேட்டார். உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு டாக்டரம்மா, ஸ்கேன் எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி, பீடியை விட்டாக வேண்டும், அதில் மட்டும் தனக்குச் சந்தேகமே இல்லை என்றார். பீடியைக் குடித்துக்கொண்டே வருஷா வருஷம் படம் எடுத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை என்றும் சொன்னார். கடைசியாக ஒரு கேள்வி. "ஒருவேளை நோய் இருந்து, ஆபரேஷன் வேணும்னா, செஞ்சுக்குவீங்களா? மாட்டேன்னா தேடவே வேணாம்பா. இப்ப பதில் சொல்லாதீங்க, வீட்டுக்குப் போயி யோசிச்சுட்டு வாங்க" என்றார். எடு என்றும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பேசினோம், இந்த முறை நான் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். ராஜ்மோகன் எடுத்துரலாம்ப்பா, அக்கா சொல்றா என்றான். நீ ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும், உன் அம்மாவுக்கு இந்த ஸ்கேனில் இஷ்டமே இல்லை. உன் பேச்சைத் தட்ட முடியாமல் தலையாட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். "இருக்கிற மனுசன ஊசியக் குத்திப் படுக்க வச்சுருவாங்களோன்னுதான் எனக்குப் பயம்" என்று அழுதாள். அவளை யாரும் கேட்கவே இல்லை பார். என் யோசனை எல்லாம் வண்டி ஓட்டும்போதுதான் ஓடும். தாண்டிக்குடிப் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். தேடிப் பார்த்து வீண் தொந்தரவு வந்தால் பட்டுக்கொள்ளலாம், என் உடம்பு அதைத் தாங்கும். தேடாமலே இருந்துவிட்டு, பின்னால் ஒரு நாள் தெரிய வந்து, அன்றைக்கே பார்த்திருக்கலாமே என்று படுக்கையில் கிடந்து நினைக்கிறதை என் மனசு தாங்காது. எனக்கு அப்படி. உன் அம்மாவுக்கு அது நேர்மாறாக இருந்தால் அவள் சொல்வதும் தப்பில்லை, ஆனால் படுக்கப் போவது என் உடம்பு அல்லவா.

பீடியை விட்ட கதையைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். முதல் வாரம் வீட்டில் பூனைகூட என் பக்கம் வரவில்லை, அவ்வளவு எரிச்சல். உன் அம்மா உப்பு நெல்லிக்காயைக் காய வைத்துச் சட்டைப் பையில் போட்டு அனுப்பினாள், கை பீடிக்குப் போகும்போதெல்லாம் ஒரு துண்டு வாயில். ஸ்டாண்டில் பொன்னுவேல் இருக்கிறானே, சேனாதிபதி இடத்தில் இப்போது வண்டி போடுகிறவன், "மயில்சாமி அண்ணன் பீடிய விட்டுட்டாராம்ப்பா, மழை கொட்டப் போகுது, மிளகெல்லாம் அள்ளுங்க" என்று கத்துகிறான். ஒரு நாள் பெருமாள்மலை வளைவில் ஒருவனிடம் வாங்கி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டேன், அதையும் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். திட்டவில்லை, மறுபடி நிறுத்துங்க என்றார். நிறுத்திவிட்டேன். நீ சாட்சி வேண்டும் என்றால் உன் அம்மாவைக் கேள், என் சட்டையை மோந்து பார்த்துத்தான் துவைக்கப் போடுகிறாள்.

டாக்டரம்மாவிடம் அப்படி இரண்டாம் முறை போனபோது நான்தான் கேள்வி கேட்டேன். ஆபரேஷன் செய்தால் மலை ரோட்டில் வண்டி ஓட்ட முடியுமா என்று கேட்டேன். பல மாசம் முடியாது, நுரையீரலில் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அப்புறமும் மூச்சு வாங்கலாம், ஓட்டவே முடியாமலும் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அதுதான் பெரிய அடி. ஸ்டியரிங் பிடிக்காத மயில்சாமியை எனக்கே தெரியாது. அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு, சரிம்மா, வண்டி போனாப் போகுது, நான் இருந்தாப் போதும், அறுக்கணும்னா அறுத்துக்கிறேன், ஸ்கேன் எடுக்கலாம் என்றேன். ஆனா ஒண்ணும்மா, முடிவ மொதல்ல எனக்குச் சொல்லணும், மகளுக்கில்ல, மகனுக்கில்ல, வீட்டுல யாருக்கு எப்பச் சொல்லணுங்கிறத நான் பாத்துக்கிறேன் என்றேன். "உங்க உடம்பு, உங்களுக்குத்தான் சொல்லணும், அதுக்கு நீங்க கேக்கவே வேணாம்பா" என்றார். அதனால்தான் நீ போன் செய்தபோது அவர் உன்னிடம் பேச மறுத்தது. அவர்மேல் கோபம் இருந்தால் விட்டுவிடு, சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்.

மதுரையில் ஸ்கேன் ஒன்றும் பெரிய காரியமில்லை. ஊசி இல்லை, மருந்து இல்லை, படுக்க வைத்து ஒரு வளையத்துக்குள் தள்ளினார்கள், மூச்சை இழுத்துப் பிடிங்க என்றார்கள், விடுங்க என்றார்கள், அவ்வளவுதான். பீடி குடித்துக்கொண்டிருந்தால் அந்த மூச்சைப் பிடித்திருக்க முடியாது, இருமியிருப்பேன். முடிந்ததும் அங்கிருந்த ஆள் என்னைத் தாண்டி ராஜ்மோகனைப் பார்த்து, சார் நீங்க கொஞ்சம் உள்ள வாங்க என்றான். நான் நடுவில் போய் நின்றுகொண்டு, படுத்தது நான் தம்பி, எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லுங்க என்றேன். கடைசியில் ஒன்றுமில்லை, படத்தை எந்த டாக்டருக்கு அனுப்ப வேண்டும் என்று விலாசம் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறான். ராஜ்மோகன் ஊர் வந்து சேரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

நேற்று கொடைக்கானல் போய் வந்தேன். நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். வலது பக்கம் மேலே, பழைய டி.பி. தழும்புக்குப் பக்கத்தில், ஒரு புள்ளி இருக்கிறது தாயி. மிளகளவுதான், அதுகூட இல்லை. பெரும்பாலும் அதுவும் தழும்பாகத்தான் இருக்கும், ஆனால் அடித்துச் சொல்ல முடியாது என்றார். இப்போதே ஊசி விட்டுப் பார்க்கலாம், இவ்வளவு சின்னதில் ஊசி சரியாகப் படுவதும் கஷ்டம். அல்லது மூன்று மாசம் கழித்து மறுபடி படம் எடுக்கலாம், வளராமல் இருந்தால் தழும்பு என்ற பக்கம் சாயும், வளர்ந்திருந்தால் அப்போதும் அது சின்னதாகத்தான் இருக்கும், செய்ய வேண்டியதைச் செய்யலாம். உங்க அப்பாவா இருந்தா என்னம்மா செய்வீங்க என்று கேட்டேன். "காத்திருக்கலாம்னுதான் சொல்வேன். ஆனா காத்திருக்கப் போறது நீங்க. இதை மனசுல வெச்சுக்கிட்டு மூணு மாசம் உங்களால தூங்க முடியுமா?" என்றார். முடியும்மா, இப்படி வரலாம்னு நீங்க முன்னாடியே சொல்லித்தானே போனேன் என்றேன். காத்திருப்பது என்று இரண்டு பேருமாக முடிவு செய்தோம்.

வெளியே வந்து உன் அம்மாவிடமும் ராஜ்மோகனிடமும் நானே என் வாயால் சொன்னேன். உன் அம்மா அழுதாள், பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்கைத் திறந்து எனக்குக் காப்பி ஊற்றினாள். இப்போது உனக்குச் சொல்லியாகிவிட்டது. டாக்டருக்குத் தெரிந்தது அத்தனையும் எனக்குத் தெரியும், எனக்குத் தெரிந்தது அத்தனையும் இப்போது உனக்குத் தெரியும். உனக்காக நான் ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. பயமாக இருக்கிறதா என்று கேட்பாய். இருக்கிறது தாயி, காலையில் கண் விழித்ததும் முதலில் அதுதான் வருகிறது. ஆனால் என்னைச் சுற்றி யாரும் குசுகுசு என்று பேசவில்லை, அதனால் எழுந்து வண்டியைத் துடைத்து ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட முடிகிறது. நீ அங்கே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கக் கூடாது. வேறு பெரிய டாக்டர், வேறு ஊர் என்று நீயாக ஒன்றும் ஏற்பாடு செய்யக் கூடாது. மனசில் ஏதாவது இருந்தால் என்னிடம் கேள், எனக்குத் தெரியாததை டாக்டரம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன். மாப்பிள்ளை வெளியே போய்ச் சிகரெட் குடித்துவிட்டு வருவதாக வர்ஷினி போனில் போட்டுக்கொடுத்தாள், அவரிடம் நான் கேட்டதாகச் சொல், மாமனார் விட்டுவிட்டார் என்றும் சொல்.

பழனியாண்டவர் உங்கள் மூவரையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், தீர்க்காயுசாக இரு, உன் அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்ந்திருக்கிறது. மறந்துவிடாதே, ஜூன் மாதம் மறுபடி படம் எடுக்கிறோம். அதற்கு நீ லீவு போட்டு வந்துதான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வந்தால், வராந்தாவில் உட்காராதே. என்னோடு உள்ளே வா.

இப்படிக்கு,
உன் அப்பா
மயில்சாமி